லாரியில் மைலேஜ் குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது?



நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரித் தொழிலில் இருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால், “வண்டி என்ன மைலேஜ் கொடுக்குது?” என்ற கேள்வி வராமல் பேச்சு முடியாது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்த வண்டி மூன்றரைக்கு இறங்கிவிட்டால், மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு 285 லிட்டருக்கு மேல் டீசல் கூடுதலாகச் செலவாகும். பணம் போகிற கவலையில் சில முதலாளிகள் உடனே டிரைவரைச் சந்தேகப்படுகிறார்கள். சிலர் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, பம்பையும் நாசிலையும் கழற்றச் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். காரணம் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு.

முதலில், மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். போய்த் திரும்பியதும் அதே பங்கில், அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் கணக்கு கிடைத்துவிடும். பக்கத்திலேயே லோடு எடையையும் பாதையையும் எழுதி வையுங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது, பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அன்று 25 டன்னில் கொடுத்த மைலேஜை இன்று 28.5 டன்னில் கேட்பது நியாயமில்லை.

பாதையும் அப்படித்தான். சேலத்தைவிட பெங்களூர் 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. 28 டன் எடையை அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே சுமார் 11 லிட்டர் டீசல் வேண்டும். அந்தப் பாதையிலுள்ள தொப்பூர் கணவாய் ஏறிய கணக்கையும் இறங்கிய கணக்கையும் சேர்த்தால்தான் உண்மை தெரியும்.

அளந்த பிறகும் குறைவு இருந்தால், சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றழுத்தம் பாருங்கள். ஜோடிச் சக்கரத்தில் உள்பக்க டயரை விட்டுவிடாதீர்கள். டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. அடுத்தது பிரேக். ஓடி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு ஹப் அருகிலும் கையைக் கொண்டுபோய், தொடாமல் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டியில் எஞ்சினுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் பயனில்லை.

பிறகு கசிவு. டேங்க் மூடி, டீசல் பைப், ரிட்டர்ன் பைப் மூன்றையும் துடைத்துவிட்டு, ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ஹோஸ் விரிசல் விட்டிருந்தாலும், எஞ்சினுக்குப் போதிய காற்று போகாது. புல்லிங் குறையும், டிரைவர் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார், பழைய வண்டியில் கரும்புகை வரும். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகையை நம்பிப் பயனில்லை. சைலன்சர் பக்கமுள்ள ஃபில்டர் கரியைப் பிடித்துக்கொள்ளும். அது அடைபட்டு, தேங்கிய கரியை அடிக்கடி எரிக்க வேண்டி வந்தால், அதற்கும் டீசல்தான் செலவாகிறது. இந்த வண்டிகளை ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகிறது என்று அதைக் கழற்றிவிட்டே ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசலை வீணாக்கும். ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நாசிலையும் பம்பையும் சோதனைக்கு அனுப்புங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்து, மறுபடி அளந்து பாருங்கள். பல வேலைகளை ஒன்றாகச் செய்தால், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

ஓட்டும் முறைக்கும் பங்கு உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தார்ப்பாய் தளர்ந்து படபடத்தால் இன்னும் கூடும். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். டிரைவரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள், சாட்சியாகக் கேளுங்கள். எந்த டிரிப்பிலிருந்து வண்டி இழுக்கவில்லை, அதற்கு முன் என்ன வேலை பார்த்தோம் என்பது அவருக்குத்தான் தெரியும். டிரைவர் தம்பிகளே, நீங்களும் வண்டியில் மாறுதல் தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதி வாருங்கள். அந்த நோட்டைப் பார்த்த பிறகு பட்டறைக்குப் போங்கள்.