கராத்தேயா, சிலம்பமா?

(சித்திரைப் புத்தாண்டன்று நம் சமுதாயக் கூடத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில், 'பி' பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)

 

கோடை விடுமுறையில் நம் வளாகத்திலேயே ஒரு தற்காப்புக் கலை வகுப்பு தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. ஒரு வாரமாக வாட்ஸ்அப் குழுவில் கராத்தே கட்சி, சிலம்பக் கட்சி, டேக்வாண்டோ கட்சி என்று மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. செயலாளர் என்னிடம் வந்து, "டீச்சர், இத்தனை வருஷம் பிள்ளைங்களை மைதானத்துல பார்த்தவங்க நீங்க, நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். தீர்ப்பு சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் யோசிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அதைச் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "எது டீச்சர் நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன், "எதுக்காகக் கத்துக்கணும்?" அங்கேதான் பதில்கள் பிரியும். ஒருவருக்குப் பையன் செல்போனைக் கீழே வைத்தால் போதும். இன்னொரு அம்மாவுக்கு, பெண் டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வரும் பயம். ஒருவருக்குத் தன் தொப்பை. இன்னொருவர் பிள்ளை மெடல் வாங்கி, விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் பிடிக்க வேண்டும் என்கிறார். இந்த நாலு பேருக்கும் ஒரே கலையைச் சொன்னால் அதில் மூன்று பேர் ஆகஸ்ட் மாதம் வகுப்பை விட்டுவிடுவார்கள்.

மெடல் என்று வந்தால் கணக்கு எளிது. டேக்வாண்டோ 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் முறையான போட்டி. ஜூடோ 1964 டோக்கியோவிலேயே நுழைந்துவிட்டது. குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாம் அதற்கும் பழசு. கராத்தே டோக்கியோ ஒலிம்பிக்கில், அதாவது 2021-இல், ஒரே ஒரு முறை வந்தது, பாரிஸில் இல்லை. நம் சிலம்பம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆனால் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் நடந்தபோது அதைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள். இவ்வளவுதான் விவரம். உங்கள் பிள்ளைக்கு ஒன்பது வயது என்றால் இதை வைத்து இப்போதே எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இதில் சென்னைப் பெண் பவானி தேவியை நினைத்துப் பாருங்கள். வாள்சண்டையில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தார். அவர் ஏதோ ஆராய்ச்சி செய்து வாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2004-இல் பள்ளியில் விளையாட்டுகளுக்குப் பெயர் கொடுத்தபோது மற்றவற்றில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டது, மிச்சம் இருந்தது வாள்சண்டை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனார். ஆகவே வாரத்தில் மூன்று நாள் போக முடிகிற வகுப்புதான் உங்களுக்கு நல்ல வகுப்பு. நம் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பௌர்ணமி வந்தால் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். ஊரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வண்டியில் போவது நடக்காத காரியம். தீபம் வந்தால் கேட்கவே வேண்டாம். கிரிவலப் பாதையைத் தாண்டிப் போக வேண்டிய வகுப்பில் சேர்ப்பவர்கள் காலண்டரையும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இப்போது நம் இடத்துக்கு வருவோம். இந்தக் கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். கீழே டைல்ஸ். மேலே ஆறு மின்விசிறி. டைல்ஸ் மேல் ஜூடோ நடத்தவே கூடாது. ஜிகோரோ கானோ 1882-இல் ஜப்பானில் ஜூடோவை உருவாக்கினார். அதில் ஆரம்ப மாணவன் முதலில் கற்பது விழுவது. அடிபடாமல் எப்படி விழுவது, கையை எப்போது தரையில் தட்டுவது, தலை எப்படி மேலே நிற்க வேண்டும் என்று வாரக்கணக்கில் அதுதான் பாடம். என்னைக் கேட்டால் ஒரு மனிதனுக்கு வாழ்நாள் முழுக்க உதவக்கூடிய பாடம் அது. பாத்ரூமில் வழுக்குகிற நாளில் உதைக்கத் தெரிந்து என்ன பயன்? ஆனால் அதற்கு முறையான மெத்தை விரிப்பு வேண்டும். அது இல்லாமல் "நாங்க மெதுவா சொல்லிக் கொடுப்போம்" என்று வருகிறவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சிலம்பத்துக்கு விசிறிதான் பகை. ஆரம்பக் கம்பு பொதுவாக நெற்றி மட்டம் இருக்கும், அதாவது தரையில் ஊன்றினால் அவரவர் நெற்றி வரை வரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையைத் தூக்கிச் சுற்றினால் விசிறி இறக்கையைத் தொடும். கார் நிறுத்தும் இடத்தில் தூண்கள், அங்கே நிற்கிற கார்களின் கண்ணாடிகள். அதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மொட்டை மாடி என்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடி சிமெண்டில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆக, சிலம்பம் என்றால் பிள்ளைகள் விளையாடும் திடல், காலை ஆறு மணி, ஒரு தடவைக்கு எட்டு பேருக்கு மேல் இல்லை. கராத்தே, டேக்வாண்டோ இரண்டும் இந்தக் கூடத்திலேயே நடக்கும். குத்துச்சண்டையின் ஆரம்பப் பாடமும் நடக்கும், ஒருவர் தலையில் ஒருவர் குத்தாத வரை.

சிலம்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "அது திருவிழா வேடிக்கைதானே டீச்சர்" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். ஊர்வலத்தில் சாமிக்கு முன்னால் தீப்பந்தம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு அப்படி நினைக்கிறோம். அது அலங்காரச் சிலம்பம். ஆளுக்கு ஆள் நின்று ஆடும் போட்டிச் சிலம்பம் வேறு. எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட வேண்டும், தொட்டால் புள்ளி. முன்பு கம்பு நுனியில் சாயம் தோய்த்துக்கொண்டு ஆடுவார்கள், வேட்டியில் எத்தனை கறை என்று எண்ணிவிடலாம். நல்ல வாத்தியார் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் காலடியைத்தான் சொல்லிக் கொடுப்பார். எந்தக் கால் முன்னே, எங்கே திரும்ப வேண்டும், எப்படி விலக வேண்டும் என்பதற்கே முதல் மாதம் போய்விடும். பிள்ளைகளுக்குச் சலிக்கும். "கம்பே தரமாட்டேங்கிறாரு" என்று வீட்டில் வந்து புகார் சொல்லும். அப்படிப் புகார் வந்தால் வாத்தியார் சரியானவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே இரண்டு கையிலும் கம்பைக் கொடுத்து வீடியோ எடுத்து அனுப்புகிறவரிடம்தான் எனக்குச் சந்தேகம்.

கராத்தேயிலும் இதே கதைதான். ஒகினாவா தீவிலிருந்து புனகோஷி 1922-இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோய்ச் செய்துகாட்டிய கலை அது. நிற்பது, குத்துவது, தடுப்பது என்று அடிப்படைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜோடி சேர்ந்து மோதுவது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இந்த வரிசையும், எண்ணிச் சத்தமாகக் கத்துவதும் நன்றாக ஒத்துவரும். துறுதுறு பிள்ளைக்கு டேக்வாண்டோ பிடிக்கும். கால் ஓயாது, உதைதான் பிரதானம். ஆனால் ஏற்கெனவே முட்டி வலி உள்ள பெரியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பெல்ட் விஷயம். கறுப்பு பெல்ட் என்பதே ஜூடோவில் கானோ கொண்டுவந்த ஏற்பாடு. மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் அதற்கும் பிறகு ஐரோப்பாவில் பரவியது. மாணவர்களுக்கு ஊக்கம் தர ஏற்பட்ட ஏணி, அவ்வளவுதான். ஏணியில் தப்பில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு படி, படிக்கு ஒரு கட்டணம், சான்றிதழுக்குத் தனி, போட்டோவுக்குத் தனி என்று போகும்போது விழித்துக்கொள்ள வேண்டும். நம் பிளாக்கிலேயே ஒரு குடும்பம் இப்படி ஒன்றரை வருஷத்தில் மாதக் கட்டணத்தைவிடத் தேர்வுக் கட்டணமாக அதிகம் கட்டியிருக்கிறது. பிள்ளைக்கு ஐந்து பெல்ட் இருக்கிறது. ஒரு காலில் பத்து எண்ணும் வரை நிற்க முடியவில்லை. சேரும்போதே கேளுங்கள். அடுத்த பெல்ட்டுக்கு எத்தனை மாதம், எவ்வளவு பணம், தேர்வு எடுப்பது யார், தோற்றால் என்ன? "எங்க வகுப்புல யாரும் தோற்க மாட்டாங்க" என்று பதில் வந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இனி பெண் பிள்ளைகள். இதைத்தான் அதிகம் கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். மூன்று மாத வகுப்பில் பதிமூன்று வயதுப் பெண் ஒரு முழு ஆளை அடித்து வீழ்த்துவாள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த நம்பிக்கையோடு அவளை வெளியே அனுப்புவது ஆபத்து. வகுப்பு தருவது வேறு. நெஞ்சு நிமிர்ந்து நிற்பது, ஒருவன் நெருங்கும்போது தூரத்தைக் கணிப்பது, பயத்தில் உறைந்துபோகாமல் காலை நகர்த்துவது, எல்லாவற்றுக்கும் மேல் தொண்டையைத் திறந்து கத்துவது. முப்பது வருஷத்தில் நான் பார்த்தது, பெண் பிள்ளைகளுக்கு உதை வந்துவிடுகிறது, குரல்தான் கடைசியில் வருகிறது. "சத்தம் போடாதே" என்று பத்து வருஷம் வீட்டில் சொல்லி வளர்த்த குரல் அல்லவா! குரல் வர வைக்கிற வகுப்பு எதுவோ அதில் சேருங்கள், பெயர் எதுவானாலும் சரி. கூடவே 1098, 181 என்ற இரண்டு உதவி எண்களையும் மனப்பாடம் ஆக்குங்கள். முதலாவது குழந்தைகளுக்கு, இரண்டாவது பெண்களுக்கு.

பாதுகாப்புக்காக அனுப்புகிற இடமே பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம் சங்கம் யாரை அழைத்தாலும் சில நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கதவு திறந்திருக்கும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். பெண் பிள்ளைகள் இருக்கிற நேரம் முழுக்க நம்மில் ஒரு பெண் உடனிருப்பார். நிற்கும் விதத்தைத் திருத்தத் தொட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். தண்டனை என்று கம்பால் அடிப்பது கிடையாது. "பெற்றோர் பார்த்தா பிள்ளைங்க கவனம் சிதறும்" என்கிறவர்கள் உண்டு. முதல் பத்து நிமிஷம் சிதறும், பிறகு உங்களை மறந்துவிடுவார்கள்.

ஒரு வகுப்பை எப்படிப் பார்ப்பது? முன்வரிசையில் பாய்ந்து பாய்ந்து உதைக்கிற பிள்ளையைப் பார்க்காதீர்கள். அது எங்கே போனாலும் உதைக்கும். கடைசி வரிசையில் இடது வலது தெரியாமல் தடுமாறும் பிள்ளை ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையிடம் வாத்தியார் எத்தனை தடவை போகிறார், என்ன குரலில் பேசுகிறார் என்று மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். உங்கள் பிள்ளை முதல் மாதம் அந்த இடத்தில்தான் நிற்கப்போகிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வடகரை மீனாட்சி அம்மாவுக்கு 2017-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, களரிப்பயிற்றுக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த வீடியோவை எனக்கு அனுப்பி "நானும் சேரட்டுமா" என்று மூன்று பேர் கேட்டீர்கள். அந்த அம்மா ஏழு வயதில் தொடங்கியவர். நாம் அறுபதில் தொடங்குகிறோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி மூன்றையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். "நான் மாசாமாசம் 14 கிலோமீட்டர் கிரிவலம் போறேனே" என்று சொல்வீர்கள். போங்கள், நல்லதுதான். ஆனால் அது நேராக நடப்பது. பக்கவாட்டில் கால் மாற்றுவது, பாதி உட்கார்ந்து நிற்பது, சட்டென்று திரும்புவது ஆகியவற்றுக்கு வேறு தசைகள் வேண்டும். தடுக்கி விழாமல் காப்பாற்றுவதும் அவைதான். சீனாவின் தாய் சி செய்யும் முதியவர்கள் விழுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலம்பக் காலடியை மெதுவாகச் செய்தாலும் இதே மாதிரி எடையைக் காலுக்குக் கால் மாற்றும் பயிற்சி கிடைக்கும். கம்பு கையில் இருப்பதால் ஊன்றிக்கொள்ளவும் வசதி. யாரும் கைத்தடி என்று சொல்ல மாட்டார்கள்.

அதனால் மூன்று கட்சிக்காரர்களுக்கும் என் யோசனை இதுதான். மே மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, ஒவ்வொரு வாரமும் ஒரு கலையின் ஆசிரியரை அழைத்து ஒரு முழு வகுப்பு நடத்தச் சொல்வோம். நமக்குச் செலவு அவர்களின் அந்த நாள் சம்பளம் மட்டும். சீருடை, கம்பு, கையுறை எதையும் அதுவரை யாரும் வாங்க வேண்டாம். வருஷக் கட்டணம் யாரும் கட்ட வேண்டாம். மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் என்னென்ன பயிற்சி, எந்த நேரம் என்று கேட்டு வரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நான்காவது ஞாயிறு பிள்ளைகளையே கேட்போம், சத்தமாகச் சொல்லட்டும்.

பெயர் எழுத நோட்டு செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. பிள்ளையின் வயதோடு, ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு எதுவும் இருந்தால் அதையும் எழுதுங்கள். அறுபது வயதுக்காரர்களும் எழுதலாம். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது.