இரயில் கைமாறிய கதையும் நம் தோட்டமும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டம் விலையாகப் போகிறது என்ற பேச்சு ஒரு மாதமாக அடிபடுகிறது. பெரட்டிலும் அதே பேச்சு, ஸ்டோரிலும் அதே பேச்சு. "எவன் வாங்கினால் நமக்கென்ன? மரம் மரந்தானே!" என்று நம்மிலேயே சிலர் சொல்கிறோம். அவர்களுக்காக இந்நாட்டு இரயிலின் கதையைக் கொஞ்சம் சொல்கிறோம்.

1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் வண்டி ஓடியது. எட்டு மைல் தூரம். ஈயத்துக்காகப் போட்ட பாதை. அது பேராக்குடையது. சிலாங்கூருக்கு வேறு பாதை. சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு ஒரு தனிக் கம்பெனியின் பாதை. 1901-ல் மாநிலப் பாதைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1918-ல் சிங்கப்பூர்ப் பாதையும் விலைக்கு வாங்கப்பட்டது. கைகள் மாறின, சுத்தியல் பிடித்துத் தண்டவாளம் காத்த நம் பாட்டன்மார் மட்டும் மாறவில்லை. அவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை.

நெடுங்காலம் அரசாங்க இலாகாவாக இருந்த இரயில், 1992-ல் கம்பெனியாயிற்று. பங்கு முழுவதும் அரசாங்கத்திடமே. 1997-ல் தனியார் கூட்டு ஒன்று நிர்வாகத்தை ஏற்றது. சில ஆண்டுகளில் அதுவும் திரும்பிவிட்டது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1992-ல் வண்டி ஓட்டும் தொழில் கம்பெனிக்குப் போயிற்று. நிலமோ இரயில்வே சொத்துக் கழகம் என்னும் வேறோர் அமைப்புக்குப் போயிற்று. தொழில் ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் கையில்!

நிலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தஞ்சோங் பகாரில் பார்த்தோம். 1932-ல் திறந்த நிலையம் அது. அந்நிலத்தைப்பற்றி 1990-ல் இரு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்தும், வழக்கு தீர இருபது ஆண்டு பிடித்தது. 2011 ஜூன் 30-ந் தேதி கடைசி வண்டி புறப்பட்டது. மறுநாள் முதல் பிரயாணிகள் உட்லண்ட்சுக்குப் போய்த்தான் வண்டி ஏறினார்கள். நிலத்துக்கு ஈடாக வேறு இடங்களில் நிலம் கிடைத்தது. இரு அரசாங்க முதலீட்டுக் கம்பெனிகளும் அறுபதுக்கு நாற்பது என்று கூட்டுச் சேர்ந்தன. பெட்டி படுக்கையோடு நின்றவனுக்கு அதில் பங்கு ஏது?

இனி நம் சங்கதி. தோட்டத்தைத் தோட்டமாகவே, தொழிலோடு வாங்கினால், 1980-ம் ஆண்டு வேலைநீக்க உதவித்தொகை விதிகள் நமக்குத் துணை. புது முதலாளி ஏழு நாளுக்குள், இப்போதுள்ளதற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தரவேண்டும். பழைய சர்வீசும் தொடரும். தராவிட்டால், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு வருஷத்துக்கு இருபது நாள் சம்பளம் கணக்கு. ஆனால் நிலம் மட்டும் வீடு கட்டுகிறவனுக்குப் போனால்? அங்கே வெட்டுவதற்கு மரம் இராது. நாம் குடியிருக்கும் லயமும் அதே நிலத்தின்மேல்தான் நிற்கிறது.

ஆகவே மானேஜரிடம் எழுத்தில் கேட்கிறோம்: விலை பேசுவது தொழிலையா, நிலத்தையா? லயம் யாருக்கு? கடிதம் மேசைமேல் இருக்கிறது. கிராணிமார் கையெழுத்துப் போட்டுவிட்டோம். பால்வெட்டுத் தோழர்கள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறோம்.