ஆங்கில வகுப்பறையும் நம் இலக்கணச் சொற்களும்



தமிழ் விரிவுரையாளருக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று தாங்கள் வினவக்கூடும். ஒருமுறை ஆங்கிலத் துறையினர் ஒருவர் விடுப்பிலிருந்தமையால், தேர்வுக்கு முந்திய மீள்பார்வை வகுப்பைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவி ஒருத்தியின் ஏட்டைப் புரட்டினேன். நவுன் தொடங்கிச் சம்மரி வரை கலைச்சொற்கள் வரிசையாக இருந்தன; ஒவ்வொன்றிற்கும் பிழையற்ற வரையறை. "வாய்ஸ் என்றால் என்ன?" என்றேன். "குரல், அம்மா" என்றாள். அகராதிப்படி அது பிழையுமன்று! ஆக்டிவ் வாய்ஸைப் பேஸிவ் வாய்ஸாக மாற்றும் பயிற்சிகளோ அதே ஏட்டில் பக்கம் பக்கமாக இருந்தன. தமிழ் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று அவள் படித்ததைத்தான் இங்கும் படிக்கிறாள் என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. தமிழ் கற்பித்த நானும் சொல்லவில்லை.

இக்கலைச்சொற்களுள் பல இலத்தீனிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தவை. ஆங்கிலச் சிறுவனும் அவற்றைக் கற்றே அறிகிறான். நவுன் என்பதன் மூலச்சொல்லுக்குப் 'பெயர்' என்பதே பொருள். டென்ஸ் என்பதன் மூலச்சொல்லுக்குக் 'காலம்' என்று பொருள். பெர்சன் மட்டும் சற்றே வேடிக்கையானது. நாடக முகமூடியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நம்மவர் அதனை 'இடம்' என்றனர். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று கூறியதும் அம்மாணவியின் முகம் தெளிந்தது. நாம், நாங்கள் என நாம் பிரித்துரைப்பதை ஆங்கிலம் 'வீ' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது என்றேன். "அப்படியானால் அவர்களுக்குத்தான் குறையா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

எனினும் எல்லாவற்றிற்கும் இணை தேடிப் பொருத்திவிடுவது தீங்கு பயக்கும். பிரிபொசிஷன் என்பது பெயருக்கு முன் நிற்பது. நம் வேற்றுமை உருபோ பெயரின் பின் ஒட்டுவது. இட வேறுபாடு மட்டுமாயின் எளிதில் கடந்துவிடலாம். பொருளும் ஒத்துப்போவதில்லை என்பதே இடர். வீட்டில் இருக்கிறாள், மேசையில் புத்தகம் இருக்கிறது, பேருந்தில் வந்தாள் என மூன்றிடத்தும் நமக்கு 'இல்' போதுமானது. ஆங்கிலத்திலோ முதலதற்கு 'இன்' அல்லது 'அட்', இரண்டாவதற்கு 'ஆன்', மூன்றாவதற்கு 'பை'. 'பத்து மணிக்கு' என்று நான்காம் வேற்றுமையால் நாம் உணர்த்துவதை அவர்கள் 'அட்' என்பர். 'இன் தி டேபிள்' என்று எழுதும் மாணவி கவனமின்றி எழுதவில்லை. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியே தவறுகிறாள். அவ்விடத்தில் சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர்வது ஆசிரியர்க்கு எளிது. தமிழுக்குள்ளேயே ஓருருபு மற்றோர் உருபின் பொருளில் வருவதைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஆராய்ந்துள்ளார். அவ்வியலைக் கற்பிக்கும் நாம், இருமொழிகளுக்கிடையே நேரும் மயக்கத்தைக் கண்டு வியப்பது ஏன்?

எழுத்துப் பயிற்சிக்குரிய சொற்களில் இத்துணை இடர் இல்லை. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்னும் இரண்டை நினைவூட்டினாலே ஆங்கிலக் கட்டுரையின் பாதி திருந்தும். சம்மரி எழுதுவோர்க்குச் சுருங்கச் சொல்லல் மட்டும் போதாது, விளங்க வைத்தலும் வேண்டும். வாசிப்புப் பயிற்சியில் மாணவர் அஞ்சும் இன்ஃபரன்ஸ், நம் உரையாசிரியர்கள் குறிப்பால் பெறுவது என்று காட்டிய நெறிதான்.

1716ஆம் ஆண்டு ஹாலே நகரில் அச்சான தமது தமிழ் இலக்கண நூலைச் சீகன்பால்கு இலத்தீனில் எழுதினார். தம்மவர்க்குத் தெரிந்த சொற்களைக்கொண்டு தெரியாத மொழியை விளக்கினார். அவ்வழியை நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் முறையாகத் திறந்துவிடவில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓய்வறையில் தேநீர் அருந்துகையில் பேசுவதோடு சரி.

அன்று அம்மாணவியின் ஏட்டில் மூன்று பத்திகள் வரையச் செய்தேன். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்துத் தமிழ்ச் சொல், மூன்றாவதில் இரண்டும் வேறுபடும் இடம். மணி அடிப்பதற்குள் பதினொரு சொற்களே முடிந்தன. எஞ்சியவற்றை இவ்வட்டத்திலுள்ள இருமொழி ஆசிரியர்களும் கூடியமர்ந்து நிரப்பித் தரவேண்டும் என்று கேட்கவே இன்று வந்தேன்.