விரல் ரேகையும் மனித மானமும்
(ஹுன்னஸ்கிரியவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண்டியிலிருந்து இவ்வூருக்குப் பல்லேகலையைக் கடந்தே வருகிறோம். 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போகம்பறைச் சிறை 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். சிறை இடம் மாறியது. கைதியை "இவன் இன்னான்" என்று அறிய அரசு கையாண்ட முறையும் காலந்தோறும் மாறியே வந்துள்ளது. அம்முறை சிறை மதிலுக்குள் அடங்கி நின்றதா என்பதே நம் கேள்வி.

கும்பினி ஆட்சியில், கொடுங்குற்றவாளிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினர். தண்டனை முடிந்தாலும் அவமானம் முடியவில்லை. அக்கொடுமை 1849ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிந்தது.

1858ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து உடன்படிக்கையிற் பதித்தார். ஆம், முதலிற் பதிந்தது கைதியின் கையன்று. தொழில் செய்து பிழைத்தவரின் கை! பின்னரே கைதிகளின் விரல்களும் பதியப்பட்டன. 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில் கைரேகை நிலையம் எழுந்தது. ரேகைகளை வகைப்படுத்த அரும்பாடுபட்டோர் அஸீசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போசும். பெயரோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குச் சென்றது.

கைதிக்கு வகுத்த முறை விரைவிலேயே குற்றமற்றோர் மீதும் பாய்ந்தது. டிரான்ஸ்வாலில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிய ஆண்களின் விரற்பதிவைக் கேட்டது. "குற்றவாளியிடம் கேட்பதை எம்மிடம் கேட்பதா?" என்று காந்தியடிகளுடன் கிளர்ந்து, தம்பி நாயுடு போன்ற தமிழர் சிறை புகுந்தனர். தமிழகத்திலோ குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாக்கிக் கைரேகை கேட்டது. மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிகள் முழங்கின. 15க்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன. 1947ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது.

நம் மலைநாட்டின் கதை என்ன? கடல் கடந்து வந்த நம் முன்னோர், இலக்கம் பொறித்த தகர வில்லையைத் தாங்கியே தோட்டம் சேர்ந்தனர். அவர்கள் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்பட்டவரல்லர். ஆயினும் பெயரினும் இலக்கமே பெரிதாயிற்று!

சட்டம் பயின்ற நாம் கைரேகையைப் பகைப்போரல்லோம். குற்றவாளியைக் காட்டும் அதே ரேகை நிரபராதியையும் காக்கும். ஆனால் அதற்கு எல்லை வேண்டும். இந்தியாவில் 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டம், முன்குற்றமற்றோர் விடுதலையானால் அவர்தம் பதிவுகளை அழிக்கவேண்டுமென விதித்தது. அதனிடத்தில் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமோ கண்மணியின் பதிவையும் சேர்த்துக்கொண்டது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் இடமளித்தது. விடுதலையானோர்க்கு விலக்கு உண்டெனினும் வலை விரிந்துவிட்டது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. சட்டப்படியான காரணமின்றி எவர் விரலும் மையிற் படலாகாது. குற்றமற்றவனென விடுவிக்கப்பட்டவனின் பதிவு அழிக்கப்படவேண்டும். தான் கைந்நாட்டிடும் தாளைத் தன் மொழியிற் படித்துக் கேட்கும் உரிமை, கொழுந்து பறிக்கும் தாய்க்கும் வயலுழும் உழவனுக்கும் நடைமுறையில் கிட்டவேண்டும்.

விரலை அறிந்த அரசு, அவ்விரலுக்குரிய மனிதனையும் மதிக்கட்டும்!