துணை விட்டுச் சென்ற பேரியம்



வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் குழம்பைக் குடிக்கக் கொடுப்பார்கள், தெரியுமல்லவா? அதில் இருப்பது பேரியம். வானத்து விண்மீன்களிலும் பேரியம் உண்டு. ஆனால் சில விண்மீன்களில் மட்டும் அது அளவுக்கு மீறி இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு அமெரிக்க வானியலாளர்கள் வில்லியம் பிடல்மனும் பிலிப் கீனனும் இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினர். வயதாகி, உப்பிப் பெருத்த விண்மீன்கள் இவை.

எங்கிருந்து வந்தது இவ்வளவு பேரியம்?

மறு ஆண்டே ஒரு துப்புக் கிடைத்தது. வேறு சில முதிய செந்நிற விண்மீன்களில் டெக்னீஷியம் என்ற தனிமம் இருப்பதை பால் மெரில் என்பவர் கண்டார். விண்மீனுக்குள் உருவாகும் டெக்னீஷியம் ஏறத்தாழ 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். விண்மீனின் வயதோ பல கோடி ஆண்டுகள். ஆக, அது பிறவியில் வந்திருக்க முடியாது; உள்ளேயே அண்மையில் சமைக்கப்பட்டிருக்க வேண்டும். முதிய விண்மீனின் உள்ளே இரும்பு அணுக்கரு நியூட்ரான்களை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக விழுங்கி, படிப்படியாகக் கனத்துப் பேரியமாகிறது. வழியில் டெக்னீஷியமும் உண்டாகிறது. பின்னர், கொதிக்கும் குழம்பில் அடியில் கிடப்பது மேலே வருவதுபோல், எல்லாம் மேற்பரப்புக்கு வந்து சேரும்.

பேரியம் விண்மீன்களும் இப்படித்தான் சமைத்தன என்று முடித்துவிடலாமா? முடியாது. அவை இன்னும் அந்தக் கட்டத்தை எட்டவில்லை. அவற்றில் டெக்னீஷியமும் இல்லை. பண்டம் இருக்கிறது, அடுப்பு மூட்டிய தடயம் இல்லை! இந்த இல்லாமைதான், உண்மையில், மிகப் பெரிய சாட்சி.

1980-இல் கனடாவின் ராபர்ட் மெக்லூரும் அவருடைய சகாக்களும் இந்த விண்மீன்களின் வேகத்தை அளந்து பார்த்தனர். அவை நம்மை நோக்கியும் விலகியும் மாறி மாறி அசைந்தன. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். இரண்டு விண்மீன்கள் ஒன்றாகப் பிறக்கின்றன. எடை கூடியது எரிபொருளை வேகமாகத் தீர்த்து முதலில் முதுமை அடைகிறது. பேரியத்தைச் சமைத்து, வீசும் காற்றாக வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு பகுதி இளைத்த துணைமீது படிகிறது. சமைத்தது சுருங்கி, பூமியளவே உள்ள வெண்குள்ளனாகிவிடுகிறது. காலப்போக்கில் டெக்னீஷியம் சிதைந்து மறைய, பேரியம் மட்டும் தங்கிவிடுகிறது.

இது பேரியத்தோடு நிற்கும் விவகாரமல்ல. ஒரு விண்மீனில் உள்ள தனிமங்களை வைத்துத்தான், அது எப்படிப்பட்ட வாயுவிலிருந்து பிறந்தது என்று வானியலாளர்கள் கணிக்கிறார்கள். நம் பால்வீதியின் பழைய வரலாற்றையே அப்படித்தான் எழுதுகிறார்கள். துணையைக் கவனிக்காமல் விட்டால், ஒருவரின் வரலாற்றை இன்னொருவர் பெயரில் எழுதிவிடும் ஆபத்து உண்டு.

மகர விண்மீன் கூட்டத்தில் உள்ள சீட்டா கேப்ரிகோர்னி இவ்வகையைச் சேர்ந்தது. செப்டம்பர் இறுதியில், நகர விளக்குகள் இல்லாத இடத்தில், முன்னிரவில் வெறும் கண்ணுக்கே தெரியும். சுமார் ஆறரை ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் வெண்குள்ளனைத்தான் பார்க்க முடியாது.