கழிவறைக்கு எந்த மருந்து நல்லது? பாட்டிலுக்கு முன்னால் கறையைப் பாருங்க

(தஞ்சாவூர்ப் பகுதியில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன் வச்சிருக்கிற எல்லோரும் இந்த மாதிரி ஒரு வீடியோ பார்த்திருப்பீங்க. மஞ்சள் படிந்த கழிவறைக் கோப்பை. அதில் ஒரு வெள்ளைப் பவுடர், அதுக்கு மேலே ஒரு திரவம், பொங்கி வரும் நுரை. அடுத்த நொடி கோப்பை பளபளன்னு ஆயிடும்.

எங்க அக்கா அதைப் பார்த்துட்டு வீட்டுல செஞ்சாங்க. முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவினாங்க. கறை போகலைன்னதும் மேலே ஆசிட் ஊத்தினாங்க. சின்ன ஜன்னல், சாத்திய கதவு. கொஞ்ச நேரத்துல இருமிக்கிட்டே வெளியே ஓடி வந்தாங்க. கண்ணுல தண்ணி, நெஞ்சு முழுக்க எரிச்சல். அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்க வேண்டியதாப் போச்சு.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாக விட்டார்களே, அதே வாயுதான். அதைத் தெரியாமலே நாலடிக்கு நாலடி அறைக்குள் நாம உண்டாக்கிடுறோம்.

அதனால "எந்த மருந்து நல்லது?"ன்னு கேட்கிறதுக்கு முன்னால் ரெண்டு கேள்வி கேளுங்க. கறை என்ன கறை? ஊத்துற தண்ணி எங்கே போகுது?

கறை என்ன கறை?

மஞ்சளாக, சுரண்டினால் காரை மாதிரி கெட்டியாக இருந்தால் அது உப்புக் கறை. போர் தண்ணியில் உள்ள சுண்ணாம்பு உப்பும் சிறுநீரில் உள்ள உப்பும் படிந்து உண்டாவது. இதுக்கு அமிலம்தான் வேணும். கடையில் விற்கும் கழிவறைத் திரவங்கள் பலவற்றிலும் 10 சதவீதம் அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். கறை லேசா இருந்தால் சிட்ரிக் அமிலம் கலந்த திரவமோ எலுமிச்சை உப்போ போதும். பழுப்பாக, துரு மாதிரி கோடு விழுந்திருந்தால் தண்ணியில் இரும்பு அதிகம். அதுக்கும் அமில வகைதான்.

கறுப்பாகவோ பச்சையாகவோ வழவழப்பாக இருந்தால் அது பாசியும் பூஞ்சையும். இதுக்குத்தான் பிளீச்சிங் பவுடர். ஒண்ணு கவனிங்க. புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். பொட்டலத்தைப் பிரிச்சு ஈரத்தில் வச்சா அந்த வீரியம் போயிடும். கொஞ்சமா வாங்கி, இறுக்கி மூடி வைங்க.

பினாயில் கிருமியைக் கொல்லும், வாடையைக் குறைக்கும். ஆனால் கறையை எடுக்காது. அது தரைக்கு.

கோப்பை சுத்தமா இருந்தும் நாத்தம் அடிச்சால் எந்த மருந்தும் உதவாது. கோப்பையின் வளைவில் எப்போதும் தண்ணி நிற்க வேண்டும். கிராமப்புறக் கோப்பையில் அது 20 மில்லிமீட்டர்தான். அந்தத் தண்ணி வற்றிப் போச்சா, காற்றுக் குழாய் அடைச்சிருக்கா, செப்டிக் டேங்க் நிறைஞ்சிருக்கான்னு பாருங்க.

ஊத்துற தண்ணி எங்கே போகுது?

டெல்டாக்காரங்க நாம எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. மேட்டூரில் தண்ணி திறந்து, வாய்க்காலும் வயலும் நிறைஞ்சா, கொல்லைக் கிணத்துத் தண்ணியும் மேலே ஏறும். மழைக்காலத்துல தோண்டினா சில அடியிலேயே தண்ணி. பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில், கோப்பையில் ஊத்துற எதுவும் அந்த மண்ணுக்குள்தான் போகுது.

செப்டிக் டேங்கிலும் உறைக் குழியிலும் கழிவைச் செரிக்கிறது நுண்ணுயிர்கள். வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் மருந்து போட்டால் அதுங்க தாங்கிக்கும். தினமும் பினாயில், தினமும் பிளீச்சிங்னா செத்துப் போகும். அப்புறம் கழிவு செரிக்காது, தொட்டி சீக்கிரம் நிறையும். தூய்மை பாரத திட்டத்தில் கட்டிய இரட்டைக் குழிக் கழிவறை உள்ளவங்க ஆசிட்டை விட்டுடுங்க. சோப்புத்தூள், பிரஷ், தண்ணி போதும். ஒரு குழி மூடி இருக்கும்போது அதில் உரம் உருவாகிக்கிட்டு இருக்கு.

காவிரிக் கரையிலேயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. முசிறிப் பகுதியில் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் 2000-களில் 'ஈகோசான்' கழிவறைகளைக் கட்டியது. நிலத்தடி நீர் கெடாதபடி தரைக்கு மேலே தொட்டி. சிறுநீர் தனியே, மலம் தனியே. அதில் மருந்து எதுவும் ஊத்தறதில்லை. சாம்பலைத் தூவி மூடுவாங்க, பிறகு அது வயலுக்கு உரம். அந்த நிறுவனத்தின் மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது. எல்லோரும் அப்படிக் கட்ட முடியாது. ஆனால் மண்ணுக்குள் போகிறதைக் குறைச்சு ஊத்தலாம்.

வாங்கும்போது

தெருவில் வண்டியில் வந்து தண்ணி பாட்டிலில் ஊத்திக் கொடுக்கும் ஆசிட்டை வாங்காதீங்க. அதில் எவ்வளவு வீரியம்னு எழுதியிருக்காது. சிமென்ட் இணைப்பையும் மொசைக்கையும் அரிச்சிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிள்ளைங்க கலர்னு நினைச்சுக் குடிச்சிடுவாங்க. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

பாட்டில் லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், அளவு, விலை எல்லாம் இருக்கணும். பெரிய பாட்டில்தான் மலிவுன்னு நினைக்காம, ஒரு மில்லிலிட்டர் என்ன விலைன்னு கணக்குப் போட்டு ஒப்பிடுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் பக்கத்தில் 'சி.எம்/எல்' என்று ஒரு எண் இருக்கும். உங்க போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டால் முத்திரை நிஜமா போலியான்னு தெரிஞ்சிடும். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

பயன்படுத்தும்போது

ஒரு நாளைக்கு ஒரே மருந்து. இன்னைக்கு ஆசிட் வகைன்னா பிளீச்சிங்கைத் தொடாதீங்க. வேற மருந்து வேணும்னா நல்லா தண்ணி ஊத்திக் கழுவிட்டு மறுநாள் போடுங்க. பிளீச்சிங் போடும் முன்னாலும் கோப்பையில் தண்ணி ஊத்துங்க. சிறுநீரோடு சேர்ந்தாலும் எரிச்சல் தரும் வாயு வரும்.

கதவைத் திறந்து வைங்க, கையுறை போடுங்க. கோப்பையின் விளிம்புக்கு உள்பக்கமா மருந்தை விட்டு, லேபிளில் சொன்ன நேரம் ஊற விடுங்க. ஊத்தின உடனே தேய்ச்சுக் கழுவினா காசுதான் வீண். அப்புறம் பிரஷால் தேய்ங்க. பாதி வேலை பிரஷ்தான் செய்யுது.

மூச்சு அடைச்சால் எல்லாத்தையும் போட்டுட்டு வெளியே வாங்க, 108-ஐக் கூப்பிடுங்க. கண்ணுல பட்டால் 15 நிமிஷமாவது ஓடுற தண்ணியில் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. யாராவது குடிச்சிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கடைசியா ஒண்ணு. செப்டிக் டேங்கை 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கணும். அதுக்கு யாரையும் உள்ளே இறக்காதீங்க. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். விஷவாயுவில் போன உயிர்கள் போதும். உரிமம் உள்ள லாரிக்கு 14420-ஐக் கூப்பிடுங்க.

எங்க அக்கா இப்போ வாரம் ஒரு தடவை ஒரே ஒரு மருந்துதான் போடுறாங்க, கதவைத் திறந்து வச்சு. கோப்பை வீடியோவில் வர்ற மாதிரி பளபளக்கலை. ஆனால் சுத்தமா இருக்கு. அது போதும்.