நம்ம காசு எங்க போகுதோ, அதுதான் நம்ம கொள்கை!

(குன்றாண்டார்கோவில் ஒன்றிய ஐடி விங் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிச்சுட்டுப் பகிருங்க.)



கொள்கை என்னன்னு கேட்டா நாம பக்கம் பக்கமா பதிவு போடுவோம். ஆனா ஒருத்தரோட கொள்கையைத் தெரிஞ்சுக்க இன்னொரு வழி இருக்கு. அவர் கைக்காசு எங்க போகுதுன்னு பாருங்க.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்குன்னு ஒரு பெருமை இருக்கு. கல்விச்சீர்! ஊரே திரண்டு, மேளதாளத்தோட, தட்டு தட்டா நோட்டு, பேனா, நாற்காலி, பீரோன்னு அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டுபோற வழக்கம். அந்தப் பேரைக் கவனிங்க. நன்கொடைன்னு சொல்லல, சீர்னு சொன்னாங்க. தாய்மாமன் சீர் கொண்டுவந்தா யாராவது அதைத் தர்மம்னு சொல்வோமா? அது உறவு, கடமை. அந்தப் பள்ளிக்கூடம் எங்க வீட்டுப் புள்ளைன்னு ஊர் சொல்ற வார்த்தை அது.

பக்கத்துக் காரைக்குடியைப் பாருங்க. 1947-ல் அங்க கல்லூரி தொடங்கினவர் அழகப்பச் செட்டியார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெண்கள் கல்லூரிக்காகத் தான் வாழ்ந்த வீட்டையே கொடுத்தார். பணக்காரர், கொடுத்தார்னு சொல்லலாம். சரி, மதுரை கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மாள்? வங்கி ஊழியர். மறைந்த மகள் ஜனனி நினைவா, 2024 ஜனவரியில அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்த 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். மகளை இழந்த தாய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயா நின்னாங்க.

கொடுத்தா மட்டும் போதாது, எந்த நிபந்தனையோட கொடுக்குறோம்ங்கிறதும் முக்கியம். பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்தார். அவர் விட்டுப்போன அறக்கட்டளைப் பணம் வழக்கு வம்புல கிடந்து, நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 1842-ல் பள்ளிக்கூடமா மாறுச்சு. எத்தனையோ பேரைப் படிக்க வெச்ச பெரிய கொடை அது. ஆனா 1947 வரைக்கும் அந்தக் கல்லூரியில இந்து மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். கொடையில எழுதுற ஒரு விதி, நூறு வருசம் ஒரு கதவைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். சமத்துவம் பேசுற நாம கொடுக்குறப்ப எந்தக் கதவையும் மூடக்கூடாது.

"அரசு செய்ய வேண்டியதை நாம ஏன் செய்யணும்?" நியாயமான கேள்விதான். ஆசிரியர், கட்டடம், கழிப்பறை இதெல்லாம் அரசோட பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குறது நம்ம உரிமை, அதை விடக்கூடாது. ஆனா சீர் கொண்டுபோறவனுக்குத்தான் வீட்டுக்குள்ள போய்க் கேள்வி கேட்குற உரிமையும் தானா வரும்.

அதனால மூணு வேண்டுகோள்:

✅ நீங்க படிச்ச அரசுப் பள்ளிக்குப் போங்க. என்ன தேவைன்னு தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கேட்டுட்டுக் கொடுங்க. நம்மளா முடிவு பண்ண வேணாம்.

✅ ரசீது வாங்குங்க. கணக்கு சுத்தமா இருந்தாத்தான் அடுத்தவன் கொடுப்பான்.

✅ காசு இல்லையா? நேரம் கொடுங்க. இன்ஜினியரிங் முடிச்ச நம்மள்ல எத்தனை பேர் இருக்கோம்! பழுதான கம்ப்யூட்டரைச் சரிபண்ணலாம், பிளஸ் டூ பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தரலாம்.

இன்னொண்ணு. கொடுக்குற பொருள் மேல கட்சிக் கொடியும் வேணாம், நம்ம போட்டோவும் வேணாம். வாங்குற புள்ள தலைநிமிர்ந்து வாங்கணும். அதுதான் நம்ம சுயமரியாதை.

ஒரு பிளெக்ஸ் ஒரு வாரத்துல கிழிஞ்சிடும் தோழர்களே. ஒரு புள்ள படிச்சா ஒரு குடும்பமே நிமிரும்.



#கல்விச்சீர் #நம்மஊர்ப்பள்ளி #குன்றாண்டார்கோவில்